பூச்சியை எண்ணியவர், பூச்சியைக் காட்டியவர்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும்போது ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் முந்திரி புதுத்துளிர் விடும். மார்கழி, தை மாதங்களில் பூங்கொத்து வெளிவரும். அந்தத் துளிரையும் பூவையும் தேடி ஒரு பூச்சியும் வந்து சேரும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கருத்த தலை, செம்பழுப்பு மார்பு, உடம்புக்குப் பொருந்தாத நீண்ட கால்கள், முதுகில் குண்டூசியைக் குத்திவைத்தாற்போல் தலை பருத்த ஒரு முள். வேளாண் துறையினர் இதைத் தேயிலைக் கொசு என்பார்கள். ஹெலோபெல்டிஸ் அன்டோனி என்பது அறிவியல் பெயர். கொல்லைக்காரர் பெரும்பாலும் இந்தப் பூச்சியைப் பார்ப்பதே இல்லை. அது குத்திய இடம் கருத்து, பூங்கொத்து காய்ந்து வரும்போதுதான் "பூ கருகிப்போச்சு" என்று தெரியவரும்.

இதற்கு மெல்லும் வாய் கிடையாது. நான்கு நுண்ணிய ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே அலகாக நிற்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு குழாய்கள். ஒன்றின் வழியாக எச்சில் செடிக்குள் இறங்கும். மற்றொன்றின் வழியாகக் கரைந்த சாறு மேலேறும். பூவைக் கருக்குவது அந்த எச்சில்தான். உறிஞ்சப்பட்ட சாற்றின் அளவு மிகச் சொற்பம். ஆனால் எச்சில் பட்ட திசு செத்துப்போகிறது. முட்டையையும் வெளியே இடாது, தளிர்க்காம்புக்குள் செருகிவிடும். இரண்டு நுண்மயிர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இப்படிக் குத்தி உறிஞ்சும் பூச்சிகளுக்கென்று தனி வரிசையே இருக்கிறது. ஹெமிப்டீரா. உலகில் பெயரிடப்பட்டவை மட்டும் 80,000 இனங்களுக்கு மேல். நம் பக்கத்திலேயே எத்தனை உறவினர்கள்! கத்தரியில் வரும் அசுவினி, மரவள்ளியில் வரும் மாவுப்பூச்சி, தென்னையில் வரும் வெள்ளை ஈ, நெல்லின் தூரில் உட்கார்ந்திருக்கும் புகையான், பருத்திக் காயில் கூட்டமாக மொய்க்கும் சிவப்புப் பூச்சி, கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சி, கோடையில் மரத்தில் ஒலிக்கும் சில்வண்டு, குளத்து நீரின் மேல் ஓடும் நீர்ப்பூச்சி எல்லாமே இந்த வரிசைதான். இந்த வரிசையைப் படிப்பதில் தொடங்கி, பின்பு கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் திரைக்கு வந்தவர் ஒருவர் பிரிட்டனில் இருக்கிறார். ஜார்ஜ் மெக்கவின். ஜெயங்கொண்டத்து முந்திரிக் கொல்லைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் நடந்த வழி நமக்கு மிகத் தேவையானது என்பதால்தான் இந்த அத்தியாயத்தை அவருக்கு ஒதுக்குகிறேன்.

மெக்கவின் 1954-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர், வளர்ந்தது எடின்பரோவில். சிறுவயதில் கடுமையாகத் திக்கிப் பேசியவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கால் நூற்றாண்டுக் காலம் பாடம் நடத்தினார். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் உதவிக் காப்பாளராகவும் இருந்தார். டார்வினின் கொள்கையை ஒட்டி ஹக்ஸ்லியும் பேராயர் வில்பர்ஃபோர்ஸும் 1860-ல் மோதிக்கொண்ட அதே கட்டடம் அது. அங்குள்ள பூச்சிச் சேகரிப்புக்கு அடித்தளமிட்டவர் பிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற பாதிரியார். 1849-ல் தன் சொந்தச் சேகரிப்பையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று அங்கே ஊசி குத்தி, சீட்டு எழுதி வைத்திருக்கும் பூச்சிகள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

அந்த அலமாரிகளுக்கு நடுவே வேலை செய்கிறவருக்குப் பூச்சியோடு ஒரு தனிப் பழக்கம் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, எந்தச் செடியில் பிடிபட்டது என்ற சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த பூச்சி. சீட்டு இருந்தால் ஆதாரம். மெக்கவின் 1993-ல் ஹெமிப்டீராவைப் பற்றி மட்டுமே, உலக அளவில், ஒரு முழு நூல் எழுதினார். 2001-ல் பூச்சியியலின் அடிப்படைகளைச் சொல்லும் பாடநூலும் வந்தது.

அவருடைய கள ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லையை ஒட்டி ம்கோமாசி என்ற வறண்ட காடு இருக்கிறது. மழை குறைவு, முள்மரங்கள் அதிகம். நம் கருவேலம், வெள்வேலம் இவற்றின் உறவு மரங்கள் அவை. அரியலூரின் மானாவாரி நிலத்தில் வளர்ந்தவர்கள் அந்தக் காட்டின் படத்தைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. மழைக்காட்டு மரங்களில் பூச்சி நிறைய என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வறண்ட நிலத்து முள்மரத்தில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். மெக்கவினும் உடன் ஆய்வாளர்களும் மரத்தின் கீழே தட்டுகளை விரித்து, செவ்வந்தியின் இனத்துப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரத்தைப் புகையாக மேலே செலுத்தினார்கள். சற்று நேரத்தில் மரத்தில் குடியிருந்தவை எல்லாம் தட்டில் விழும். பிறகுதான் உண்மையான வேலை. விழுந்தவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, எண்ணி, எடைபோட்டு, எந்த மரத்தில் எது என்று எழுதவேண்டும். அதற்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். முள்மரங்கள் நினைத்ததைவிட வளமானவை என்று அந்த எண்ணிக்கை காட்டியது. இந்த வேலையைத் தொலைக்காட்சியில் யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஆனால் பின்னாளில் திரையில் அவர் பேசியபோது அந்தக் குரலுக்கு இருந்த உறுதி இங்கிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன்.

2006-ல் பி.பி.சி.யின் போர்னியோ பயணத் தொடரில் அவர் தோன்றினார். 2008-ல், ஐம்பதைக் கடந்த வயதில், ஆக்ஸ்ஃபோர்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரத் தொகுப்பாளரானார். அதே ஆண்டு கயானா, 2009-ல் பப்புவா நியூ கினி, 2010-ல் பூட்டான் என்று பயணத் தொடர்கள் வரிசையாக வந்தன. பப்புவாவின் பொசாவி எரிமலைப் பள்ளத்தில் பூனையளவு பெரிய ஓர் எலி கண்டறியப்பட்டது. பூட்டானில் 4,000 மீட்டருக்கு மேல் புலிகள் நடமாடுவது படமானது. அந்தத் தொடர்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. பூச்சிகளுக்கு அவற்றில் கிடைத்த இடம் சிறியது. இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கைப் போட்டு, வந்து ஒட்டும் அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் அவர் குதூகலத்தோடு காட்டும் காட்சிகள் உண்டு. நம் வயல்களில் வைக்கும் விளக்குப்பொறியின் அதே முறைதான். ஆனால் புலியும் சிறுத்தையும் வந்ததும் கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அவருடைய உண்மையான சாதனை அந்தப் பயணங்கள் அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்த இரண்டு படங்கள் என்பது என் முடிவு.

முதலாவது 2011-ல் வந்தது. அதன் பொருள் அழுகல். எடின்பரோ உயிரியல் பூங்காவுக்குள் கண்ணாடியால் ஒரு பெரிய பெட்டி கட்டினார்கள். உள்ளே ஒரு சாதாரண வீட்டின் சமையலறையும் சிறு தோட்டமும். கோழி, மீன், பழம், ரொட்டி என்று விருந்துக்குரிய எல்லாவற்றையும் வைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். எட்டு வாரம். குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒவ்வொரு படமாகப் பதிவு செய்யும் கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. முதலில் பூஞ்சை. பிறகு ஈ. ஒரு பெண் ஈ ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வெளிவரும். புழுவுக்குப் பல் இல்லை. உணவின் மேல் செரிமானச் சாற்றைக் கக்கி, கரைந்ததை உறிஞ்சும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாகச் சேரும்போது அந்தக் குவியலின் வெப்பமே ஏறிவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சிகளை மெக்கவின் அருகில் நின்று, ஆசையோடு, ஒவ்வொன்றாக விளக்கினார். இந்த ஈக்களும் பூஞ்சைகளும் இல்லாவிட்டால் இறந்ததெல்லாம் அப்படியே கிடக்கும், மண்ணுக்கு உரம் திரும்பாது, புதிதாக எதுவும் முளைக்காது என்பதை ஒரு சொற்பொழிவாலும் அவ்வளவு அழுத்தமாகப் புரியவைக்க முடியாது.

இரண்டாவது 2015-ல் வந்த ஓக் மரத்தின் கதை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள வைத்தம் காட்டில் 400 வயது ஓக் மரம் ஒன்றைத் தேர்ந்து, ஓராண்டு முழுக்க அதன் கூடவே இருந்து எடுத்தது. ஒரே மரம். அந்தக் காட்டில் 1950 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஜார்ஜ் வார்லி, ஜார்ஜ் கிராட்வெல் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் ஓக் இலையைத் தின்னும் ஒரு சிறு அந்துப்பூச்சியை ஆண்டு தவறாமல் எண்ணிவந்தார்கள். மொட்டு விரியும் நாளுக்கும் புழு பொரியும் நாளுக்கும் உள்ள பொருத்தம், அந்தப் புழுவை நம்பிக் குஞ்சு பொரிக்கும் சிட்டுகளின் கணக்கு எல்லாம் அங்கே பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் நின்றுகொண்டு ஒருவர் பேசும்போது, ஒரு மரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசவும் விஷயம் இருக்கிறது.

தனக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தபோது அதன் சிகிச்சையையும் அவர் கேமராவுக்கு முன்னால் வைத்தார். 2019-ல் அது ஒளிபரப்பானது. புழுவைப் பார்த்த அதே கண்ணோடு தன் உடம்பையும் பார்த்தார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஒரு பூச்சியைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதற்கு முந்திரியே சாட்சி. ஜெயங்கொண்டத்துப் பூங்கொத்தைக் கருக்கும் அதே தேயிலைக் கொசுதான் கேரளத்தின் காசர்கோட்டிலும் முந்திரிக்குப் பகை. அங்கே அரசு நிறுவனமான தோட்டக்கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. காட்டுக்கு நடுவிலும் சரிவிலும் வீடுகள், கிணறுகள், ஓடைகள். நோயோடும் ஊனத்தோடும் பிறந்த குழந்தைகளின் படங்கள் வெளிவந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூச்சி ஒன்றுக்காக வானத்திலிருந்து நஞ்சு பொழிந்திருக்கிறோம். அந்தப் பூச்சி பெரும்பாலும் துளிரிலும் பூவிலும் வாழ்கிறது, ஆண்டில் சில மாதங்கள்தான் பெருகுகிறது, அதைத் தின்னும் உயிர்களும் அதே மரத்தில் இருக்கின்றன என்பதை ஊர் மக்களுக்குக் காட்ட ஆள் இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகள் கேள்வி இல்லாமல் அது நடந்திருக்குமா?

அதைத் தின்னும் உயிர்களில் முதன்மையானது முசுறு. இலைகளைப் பட்டு இழையால் தைத்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. முந்திரி மரத்தில் ஏறியவர்களுக்கு அதன் கடி நன்றாகவே தெரியும். தென்சீனத்து ஆரஞ்சுத் தோப்புகளில் இந்த எறும்பின் கூட்டைச் சந்தையில் வாங்கிவந்து மரத்தில் கட்டினார்கள் என்று கி.பி. 304-ல் எழுதிய ஒரு சீன நூல் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் வடபகுதி முந்திரித் தோப்புகளில் 1990களில் நடந்த ஆய்வுகள், முசுறு நிறைந்த மரங்களில் தேயிலைக் கொசுவின் சேதம் குறைவு என்று காட்டின. கொட்டை பொறுக்கும்போது கடிக்கும் என்பது உண்மையான தொல்லைதான். அதற்கும் வழி தேடலாம். ஆனால் நம் கொல்லைகளில் மருந்தடித்தால் முதலில் சாவது முசுறுதான்.

நெல்லிலும் இதே கதை. புகையானின் முட்டையைக் குத்திக் குடிக்கும் ஒரு பச்சை நிறச் சிறு பூச்சி இருக்கிறது. அதுவும் ஹெமிப்டீராதான், சொல்லப்போனால் தேயிலைக் கொசுவின் சொந்தக் குடும்பம். மருந்தடித்தால் அதுவும் சிலந்தியும் முதலில் போய்விடும், தூரில் மறைந்திருக்கும் புகையான் மீண்டு பெருகும். இந்தோனேசியா இதை 1980களில் பட்டுத் தெரிந்துகொண்டது. 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளுக்குத் தடை போட்டது. 1989-லிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று தாங்களே எண்ணி, படம் வரைந்து, பிறகு மருந்து தேவையா என்று முடிவு செய்தார்கள். எண்ணுவது, காட்டுவது இரண்டும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

நம் பக்கத்தில் பூச்சியியலாளரின் இடத்தில் உட்கார்ந்திருப்பது மருந்துக்கடை. காய்ந்த இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு புட்டி கிடைக்கும். 2017-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் மூச்சில் நஞ்சேறி இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அந்தப் புழுவை அடையாளம் காண்பது மிகச் சுலபம். தலையின் முன்புறம் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஒய் எழுத்து. வாலுக்குச் சற்று முன்னால் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். ஒரு நிமிடப் படத்தில் காட்டிவிடலாம். குருத்துக்குள் புகுவதற்கு முன், முட்டைக் குவியலாகவோ சிறு புழுவாகவோ இருக்கும்போது பார்த்தால் கையாலேயே நசுக்கலாம். குருத்துக்குள் போன பிறகு எந்த மருந்தும் எளிதில் எட்டாது. ஆனால் வந்தது என்ன என்று தெரியாமலேயே கலவை மருந்துகளை அடித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டுக்குப் பூச்சியியல் புதிதல்ல. கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-ல் வெளியிட்ட தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிக் கையேடு நெடுங்காலம் இந்தத் துறையின் அடிப்படை நூல். சென்னை லயோலா கல்லூரியில் டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களைப் பற்றிச் செய்த ஆய்வை உலகமே மதித்தது. 2018-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. விருத்தாசலத்தில் முந்திரி ஆராய்ச்சி நடக்கிறது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே சோழமாதேவியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை.

ஊடகமும் நமக்குப் புதிதல்ல. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் நடந்தது அது. காதால் கேட்டே ஒரு ரகம் வயலுக்கு வந்தது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபின் 'வயலும் வாழ்வும்' மாலை நேரத்தில் வீட்டுக்குள் வந்தது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பயிர் நிகழ்ச்சி என்றால் அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்து, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று படிப்பது என்ற வழக்கம் அன்றே ஊன்றிவிட்டது. மருந்தின் அளவு சொல்லப்பட்டது, பூச்சி காட்டப்படவில்லை. இன்று கைபேசியில் ஓடும் விவசாயப் படங்களில் பலவும் அதே குறையோடுதான் வருகின்றன. பேசுகிறவருக்குக் குரல் இருக்கிறது, பூச்சியோடு பழக்கம் இல்லை. பூச்சியோடு பழகியவர் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதில்லை.

மெக்கவின் இந்த இரண்டையும் தன் ஒரே உடம்பில் சேர்த்துக்கொண்டார். முதலில் இருபத்தைந்து ஆண்டு எண்ணினார், பிறகு காட்டினார். அந்த வரிசை மாறக்கூடாது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. எண்ணாதவர் காட்டினால் அது வேடிக்கை. எண்ணியவர் காட்டாவிட்டால் வயலுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே, அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வேளாண்மையோ விலங்கியலோ படிக்கப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தை மாதம் ஊருக்கு வரும்போது ஒரு முந்திரி மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூங்கொத்தில் தேயிலைக் கொசு எத்தனை, முசுறு எத்தனை என்று வாரந்தோறும் எண்ணி, தேதி போட்டு எழுதுங்கள். கைபேசியில் பொருத்தும் உருப்பெருக்கி வில்லை இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தளிர்க்காம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நுண்மயிர்களையும் படமெடுங்கள். பருவம் முடிந்ததும், எண்ணியதையும் எடுத்ததையும் சேர்த்து, உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசி, பக்கத்துக் கொல்லைக்காரருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்.